மண் கேட்ட புழு

“காலு வழியாப் புழு ஏறி வயித்துக்குப் போவுதாக்கும்? இதச் சொல்லிக் குடுக்கதுக்கா ஏட்டி ஒனக்குக் காலேஜு?”

பிச்சிப்பூத் தோட்டத்து வேலியோரம் செருப்பைக் கழற்றிவிட்டபடி அத்தை கேட்டாள். என் அப்பாவின் அக்கா. சங்கரன்கோவில் பூச்சந்தைக்குப் போகும் மொட்டுகளை விடியுமுன் பறிப்பவள். சாமிக்குப் போகும் பூ என்பதால் பறிக்கிற பெண்கள் யாரும் தோட்டத்துக்குள் செருப்புப் போட மாட்டார்கள். வேலியடியில் ஜோடி ஜோடியாகக் கிடக்கும். அதே வேலிக்குப் பின்னால்தான் எல்லோரும் ஒதுங்குவதும். இரண்டையும் சேர்த்து நினைக்க எனக்குக் கல்லூரி வேண்டியிருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். ரத்தமும் மலமும் சோதிக்கும் லேப் படிப்பு படித்தேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

அத்தையின் மடியில் எப்போதும் கோயில் புற்றுமண் முடிச்சு இருக்கும். எங்கள் ஊரில் அது புதுமையல்ல. நோய் தீர நெற்றியில் இடுவோம், ஒரு துளி நாக்கில் வைப்போம். அத்தை துளியோடு நிறுத்துவதில்லை. ஒரு நிரைச் செடி பறித்து முடிக்குமுன் ஒருதரம் கை மடிக்குப் போகும். அதனால் தெருவில் அவளுக்குத் தனி மரியாதை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், அம்மனிடம் ஒரு வார்த்தை சொல்லு மதினி என்று வந்து நிற்பார்கள். கழுத்தில் நகையில்லாத அத்தை அந்த மரியாதையைப் போட்டுக்கொண்டு நடந்தாள்.

ஒருநாள் முடிச்சு காலி. அத்தை சுற்றிலும் பார்த்துவிட்டு வரப்பு மண்ணைக் கிள்ளி வாயில் போட்டாள். என்னைக் கண்டதும் முந்தானையால் உதட்டைத் துடைத்தாள். அந்த உதட்டில் நிறமே இல்லை. அம்மன் மண் சரி, வரப்பு மண் எதற்கு?

கேள்வி என்னை விடவில்லை. பதில் வகுப்பில் கிடைத்தது. ரத்தம் குறைந்த உடம்பு சில நேரம் மண் கேட்கும், வேகாத அரிசி கேட்கும். ரத்தத்தைக் குடிப்பது கொக்கிப்புழுவாக இருக்கலாம். மலத்தோடு விழும் முட்டை பொரிந்து, அதன் குஞ்சு ஈர மண்ணில் காத்திருந்து வெறுங்காலைத் துளைக்கும். ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு விழுங்கப்பட்டுக் குடலில் இறங்கும். அங்கே சுவரைக் கவ்விக்கொண்டு உறிஞ்சும். கண்ணில்லாத ஒரு பிராணிக்கு இவ்வளவு வழி எப்படித் தெரிகிறது என்று வியந்துகொண்டே இருந்தேன். பஸ் படி ஏறவே அத்தைக்கு மூச்சு வாங்குவது நினைவுக்கு வந்ததும் வியப்பு கசந்தது.

சோதிக்க மலம் வேண்டும் என்றேன். “பீயப் பாத்து சோசியம் சொல்லுத படிப்பு படிச்சிருக்கா எம் மருமவ” என்று பூப்பறிக்கும் பெண்களிடம் சொல்லிச் சிரித்தாள். நிரைக்குள் மயங்கி விழுந்த பிறகுதான் டப்பாவை என் கையில் திணித்தாள்.

நுண்ணோக்கியில் தெரிந்தது: கண்ணாடி போல மெல்லிய ஓடு, உள்ளே ஒட்டிக்கொண்ட சில உருண்டைகள். போனில் படம் எடுத்துப்போய்க் காட்டினேன்.

“முத்து மாதிரில்லா இருக்கு” என்றாள்.

புழுவின் முட்டை என்றேன். மண் தின்னும் ஆசையும் இதனால்தான் என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

“அப்பம் இத்தன வருசமா நான் கும்பிட்டது புழுவையாட்டி?”

உடம்பைவிடப் பெரிய ஒன்று அவள் கையைவிட்டு நழுவுகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“கும்பிட்டது நீங்கதான் அத்தை. மண்ணு கேட்டதுதான் புழு.”

அவள் முடிச்சை அவிழ்த்தாள். மண்ணை எடுத்து நெற்றியில் மட்டும் இட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் என்று கேட்டாள்.

பூச்சி மாத்திரையும் சத்து மாத்திரையும் தின்று இப்போது தேறிவிட்டாள். மதினி என்று தேடி வருகிறவர்களும் குறையவில்லை. செருப்பு விஷயத்தில் மட்டும் மசியவில்லை. புழு திரும்பவும் ஏறும் என்றால், “தெருவில மிதிச்சதோட பூவுக்குள்ள போவலாமா? நீயே சொல்லு” என்கிறாள்.

அதையே யோசித்தேன். தடை செருப்புக்கா, தெருவுக்கா? விரல் மூடிய ரப்பர் செருப்பு இரண்டு ஜோடி வாங்கி, மஞ்சள் நீரில் கழுவி, தெரு மண் படாமல் பையிலேயே கொண்டுபோனேன். இன்று விடியலில் வேலியடியில் வழக்கம்போல எல்லோருடைய செருப்பும் கிடந்தது. அத்தை தன்னுடையதைக் கழற்றினாள். நானும் கழற்றினேன். பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, புது ஜோடி ஒன்றை அவள் காலடியில் வைத்தேன். மற்றதை மாட்டிக்கொண்டு முதல் நிரைக்குள் நடந்தேன்.