சேவலின் வால்

எழுபதுகளில் ஒரு விடுமுறைக்கு, மனைவியின் ஊரான இறக்கக்கண்டிக்குப் போன இடத்தில், கடற்கரையில் நின்று தூண்டில் வீசினேன். இரைக்குப் பதில் கோழி இறகு கட்டியிருந்தேன்.

"மீனுக்குக் காது குடையப் போறீங்களோ, மச்சான்?" என்று மனைவியின் தமையன் கரையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் சிரித்தார். ஒரு வருடம் அதை நெஞ்சில் வைத்திருந்தேன்.

அடுத்த பங்குனியில் மறுபடி அங்கே போனபோது, அவர் உயிராக வளர்த்த சேவலின் வாலை விடியவே பிடுங்கித் தூண்டிலில் கட்டினேன். பெரிய பாரை மீன் கவ்வியது. மத்தியானம் அவர் கடைசி முள்ளையும் சூப்பி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"என்ன இறகு மச்சான் கட்டினீங்கள்?"

முற்றத்தில் வாலில்லாமல் நின்ற சேவலைக் காட்டினேன்.

அவர் முகம் கறுத்தது. பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "செட்டை இறகு இன்னும் மிச்சம் இருக்கு. நாளைக்கு எனக்கும் ஒண்டு கட்டித் தாங்கோ!"

முதற் சிரிப்பை அந்த மத்தியானமே மறந்துவிட்டேன். இந்த இரண்டாவது சிரிப்பைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.