மங்கல் என்றொரு சொல்

தினமும் காலையில் சாப்பிடும்போது என் இரண்டு பையன்களுக்கும் ஒரு புதுச் சொல் சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். சின்னவன் நாலாவது படிக்கிறான். வகுப்பில் போர்டில் இருப்பதை வாசிக்கச் சொன்னால் முழிக்கிறான் என்று டீச்சர் சொன்னதிலிருந்து, இவனுக்குப் படிப்பே ஏறாதோ என்று எனக்குப் பயம்.

ஒரு மார்கழிக் காலையில் 'மங்கல்' என்ற சொல்லைச் சொல்லி, ஜன்னல் வழியே பனி மூடிய கோட்டை மலையைக் காட்டினேன்.

"எப்பவும் அப்படித்தானம்மா இருக்குது?" என்றான் சின்னவன். பெரியவன் சிரித்தான். நான் இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டு அவனிடம் கேட்டேன்.

"இன்னாடா சொல்ற? போர்டுல எழுதறதும் அப்படித்தான் தெரியுதா?"

"ஆமா. எல்லாருக்கும் அப்படித்தானே?"

அன்றைக்கே கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். "கிட்டப்பார்வைதாம்மா. கண்ணாடி போட்டா சரியாயிடும்" என்றார். அங்கேயே அழுதுவிட்டேன்.

கண்ணாடி வாங்கிய அன்று, செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடுவரைக்கும் ஒரு கடை போர்டையும் விடாமல் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தான். இத்தனை நாள் அவனிடம் இல்லாமல் போனது 'மங்கல்' என்ற அந்த ஒரு சொல்தான் என்று நினைத்தபடி, நிம்மதியாக அவன் பின்னாலேயே நடந்தேன்.