பூக் கேட்டவர்

சேலம் மருத்துவமனையில் என் அண்ணனுக்குப் பக்கத்துக் கட்டில்காரர் அவர். தைராய்டு புற்று முற்றி வீங்கிய கழுத்தைத் துண்டால் மூடியிருப்பார். நாமகிரிப்பேட்டை விவசாயி. போர்வெல் போடுவதென்றாலும் கோயிலில் பூக் கேட்பவர். புது மருந்துப் பரிசோதனையில் சேரலாமா என்றும் பூக் கேட்டிருக்கிறார். சிவப்பு, வெள்ளைப் பூக்களை மடித்துவைத்து ஒரு பொட்டலம் எடுத்ததில் வெள்ளை வந்ததாம். வெள்ளை என்றால் சம்மதம்.

இதைக் கேட்டு டாக்டர் சிரித்தார். "புது மருந்தா, பழைய மருந்தான்னு கம்ப்யூட்டர்தான் குலுக்கி எடுக்கும்."

"அதுவும் பூக் கேக்கறதுதானுங்களே!"

கம்ப்யூட்டர் அவருக்குப் பழைய மருந்தை எடுத்தது.

"சாமி கைவிட்டுருச்சுங்களே," என்றேன்.

"அதெப்படிங்க? சேரலாமான்னு கேட்டேன், சேரச் சொல்லுச்சு. எந்த மருந்துன்னு நாந்தான் கேக்காம உட்டுட்டனுங்க."

சாமியைக் காப்பாற்றிவிட்டார். அவரும் பிழைத்துக்கொண்டார்; அவரை எது காப்பாற்றியதோ, இன்றுவரை தெரியவில்லை.