கதவுக்குப் பின்னால் ஏழு டைல்கள்

மாமனார் எங்கள் அறையை ஒட்டிக் குளியலறை கட்டத் தொடங்கிய அன்றுதான், நான் வசமாக மாட்டிக்கொண்டேன் என்பது எனக்கு உறைத்தது.

அரியலூரில் அவர் வீட்டில் எனக்கு அது நாலாவது வருடம். கல்யாணமான புதிதில் "கொஞ்ச நாள் இங்கயே இருங்க மாப்ள" என்றார். மாமியார் இறந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. என் மனைவி ஒரே பெண். அந்த நிலையில் முடியாது என்று எந்த வாயால் சொல்வது? தலையாட்டிவிட்டேன். கொஞ்ச நாள் என்பதற்கு அந்த வீட்டில் கணக்கே கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது.

என் ஆபீஸ் பெரம்பலூரில். தினமும் காலையில் சுண்ணாம்புக்கல் லாரிகளின் பின்னால் ஊர்ந்துபோகும் பஸ்ஸில் போய், சாயந்திரம் அதே புழுதியில் திரும்பி வருவேன். டீக்கடையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தால் ஒருவராவது கேட்பார்: "என்ன சார், ஒடம்பு பூசுன மாரி இருக்கு? மாமனார் வூட்டுச் சோறா?" நானும் சிரித்து வைப்பேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும்.

மாமனார் கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கலாம். அவர் அப்படி இல்லை. சிமென்ட் ஆலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்குப் பிடிக்கும் என்று வாரம் இரண்டு முறை விரால் மீன் வாங்கி வருவார். நான் வரும் வரைக்கும் சாப்பிட மாட்டார். டேபிள் ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு அவர் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இந்த அன்பில் எங்கே கை வைத்து எப்படி விலகுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வருடம் பெரம்பலூரில், என் ஆபீசிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு மாடி வீடு காலியாக இருந்தது. இரண்டே அறை. நானும் மனைவியும் போய்ப் பார்த்தோம். அவள் சமையலறை ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குங்க" என்றாள். மாதக் கடைசி வரைக்கும் வேறு யாருக்கும் தர மாட்டேன் என்று வீட்டுக்காரர் சொன்னார். மாமனாரிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

"நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா அப்பா, உன் புருஷனுக்கு வாய்ல கொழுக்கட்டையான்னு கேப்பாரு" என்றாள்.

அன்று சாயந்திரம் சொல்லிவிடுவது என்று மனப்பாடம் செய்துகொண்டுதான் வீட்டுக்குள் நுழைந்தேன். பின்பக்கத் தாழ்வாரத்தில் செங்கல் இறங்கிக்கொண்டிருந்தது. "கொல்லைக்கும் வூட்டுக்கும் எத்தினி நாளைக்கு நடப்பீங்க மாப்ள? உங்க ரூமோட சேத்து ஒரு பாத்ரூம்" என்றார் மாமனார். மனப்பாடம் செய்தது அத்தனையும் மறந்துபோயிற்று.

சுவர் எழும்பியது. பூச்சு முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை டைல்ஸுக்கு அளவெடுக்க என்னைக் கூப்பிட்டார். அவருக்கு ஒரு கொள்கை உண்டு: முழு வேலைக்கும் வேண்டிய டைல்ஸ் ஒரே ஷேடில் கைக்கு வந்து சேராமல் ஒரு டைல்கூடச் சுவரில் ஏறக் கூடாது. அதற்காகவே ஒவ்வொரு டைலாக எண்ணித்தான் வாங்குவார்.

டேப்பின் நுனியைக் கதவு மூலையில் அவர் பிடித்துக்கொண்டார். எதிர் மூலையில் நான் குந்தியிருந்தேன். அந்த அறையில் இரண்டு பேர் குந்தினால் மூன்றாவது ஆளுக்கு மூச்சுவிட இடமில்லை. ஈரச் சிமென்ட் வாசனை. டேப்பில் ஆறடி எட்டு அங்குலம் என்று தெளிவாகத் தெரிந்தது.

"எவ்ளோ மாப்ள?"

"ஆறடி மாமா."

யோசித்து அப்படிச் சொன்னதில்லை. டைல்ஸ் குறைந்தால் வேலை நிற்கும், வேலை நின்றால் நாலு நாள் கிடைக்கும், அதற்குள் தைரியம் வந்துவிடும் என்று ஒரு புத்தி ஓடியது. அவர் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆறா?"

"ஆறுதான்."

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டார்.

மேஸ்திரி வந்த அன்று, ஒட்டுவதற்கு முன்னால் டைல்களைச் சுவரோரமாகத் தரையில் வரிசையாக வைத்துப் பார்த்தார்கள். எட்டு அங்குல டைல். ஒன்பது வைத்ததும் ஒரு வரிசைக்கு வாங்கி வந்த கணக்கு முடிந்துவிட்டது. கதவு மூலையில் இன்னும் ஒரு டைலுக்கு இடம் பல்லை இளித்துக்கொண்டு கிடந்தது. எதிர்ச் சுவரிலும் அப்படியே. உயரத்துக்கு ஏழு வரிசை. ஆக, பதினாலு டைல் குறைவு.

"அளவு தப்பாயிருச்சுங்களே" என்றார் மேஸ்திரி.

"ஆயிருச்சு. மிச்சமும் வந்தப்புறம் ஒட்டிக்கலாம், போயிட்டு வாங்க" என்றார் மாமனார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் நினைத்தபடியே வேலை நின்றது. நினைக்காதது ஒன்றும் நடந்தது. மறுநாளிலிருந்து அவர் ஒரு டைலை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்க ஆரம்பித்தார். ஜெயங்கொண்டம், பெரம்பலூர், திருச்சி. சாயந்திரம் வந்து, "இது கொஞ்சம் வெளுப்பு மாப்ள, சரிவராது" என்பார். கால் வீங்கியிருக்கும். என் மனைவி வெந்நீர் வைத்துக் கொடுப்பாள். எனக்காக டைல் தேடி வீங்கிய காலுக்கு எதிரில் உட்கார்ந்து, நாங்கள் வேறு வீட்டுக்குப் போகிறோம் என்று யாரால் சொல்ல முடியும்? என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். ராத்திரி படுக்கையில் மனைவி "சொன்னீங்களா?" என்பாள். "நாளைக்கு" என்பேன். பிறகு அவள் கேட்பதையும் விட்டுவிட்டாள்.

மாதம் முடிந்தது. மாடி வீட்டுக்காரர் ஆபீசுக்கே போன் செய்தார். ஒரு வாத்தியார் குடும்பம் கேட்கிறது, கொடுத்துவிடட்டுமா என்றார். கொடுத்துவிடுங்கள் என்றேன். வருத்தம் இருந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதிக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

அடுத்த வாரம் டைல்ஸ் வந்தது. அதே ஷேடில் ஏழுதான் கிடைத்தது. மற்ற ஏழும் ஒரு பொட்டு மஞ்சளாக இருந்தன; அந்த ஒரு தடவை அவர் தன் கொள்கையைத் தளர்த்திக்கொண்டார். இதை எங்கே ஒட்டுவது என்று மேஸ்திரி கேட்டார்.

"கதவுக்குப் பின்னால ஒட்டுங்க. கதவு தொறந்திருந்தா அது மறைச்சிக்கும். உள்ள போயி தாழ்ப்பாள் போட்டவங்க கண்ணுக்கு மட்டுந்தான் தெரியும்" என்றார் மாமனார்.

அந்த 2002-இல்தான், முந்தின வருடம் தனி மாவட்டமாகப் பிரிந்துபோன அரியலூர் திரும்பி வந்து பெரம்பலூரோடு சேர்ந்தது. பஸ்ஸில் எல்லோரும் கவலையாகப் பேசிக்கொண்டார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. அதாவது போய்விட்டுத் திரும்பியது; நான் போகாமலே திரும்பியவன்.

தினமும் காலையில் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டதும் அந்த ஏழு டைல்களும் கண்முன் நிற்கும். கீழிருந்து மேலே ஒரே கோடாக மஞ்சள். சோப்புப் போடும்போது முதுகைக் காட்டி நிற்கப் பழகிக்கொண்டேன்.

2007 கடைசியில் அரியலூர் மறுபடியும் தனி மாவட்டமானது. டவுனில் பட்டாசு வெடித்தார்கள். வாசலில் நாற்காலி போட்டு நானும் மாமனாரும் உட்கார்ந்திருந்தோம். வெடிச்சத்தம் அடங்கியதும் அவர் சொன்னார்:

"அந்தச் சுவரு ஆறடி எட்டு அங்குலம் மாப்ள."

நான் திரும்பித் தெருவைப் பார்த்தேன்.

"நான் நின்னு கட்டுனது. நீளம் எனக்குத் தெரியாதா? நீங்க பெரம்பலூர்ல வூடு பாத்ததையும் ஒங்க பொண்டாட்டி முன்னாடியே எங்கிட்ட சொல்லிட்டா. நீங்களா ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னுதான் மாசம் பூரா பையத் தூக்கிக்கிட்டு அலைஞ்சேன். சொல்லியிருந்தா நானே வண்டி புடிச்சு சாமான ஏத்தி விட்டிருப்பேன்."

குரலில் கோபமே இல்லை. பிறகு, "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. போகணும்னா சொல்லுங்க" என்றார்.

என் மனைவி நிலைப்படியில் வந்து நின்றாள். இரண்டு பேரும் என் வாயையே பார்த்தார்கள். ஐந்து வருடமாகத் தேடிய வாசல் திறந்துதான் கிடந்திருக்கிறது. ஒரே ஒரு வார்த்தை போதும்.

"குளிச்சிட்டு வந்துடறேன் மாமா" என்று எழுந்து உள்ளே போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.