அந்தச் சிவப்பு லைட் லேப்டாப்

பலாப்பிசின் கையில் ஒட்டினால் சோப்புக்குப் போகாது. தேங்காய் எண்ணெய்தான் வேண்டும்.

ஆலங்குடியில் என் கூட்டாளி கணேசன் வேலை பார்த்த பிரவுசிங் சென்டரில், மூன்றாம் நம்பர் மானிட்டருக்குப் பின்னால் ஒரு குட்டி எண்ணெய் பாட்டில் எனக்காகவே இருக்கும். காய் வெட்டிவிட்டுத் தோப்பிலிருந்து நேராக அங்கேதான் போவேன். கதவைத் திறந்ததும் ஏசி காற்று, சூடான பிளாஸ்டிக் வாசனை, அப்புறம் அவன் குரல்.

"மொதல்ல கையத் தொடச்சுக்க மாப்ள. கீபோர்டு மொதலாளியோடது."

ஒரே கீபோர்டில் இரண்டு பேர் ஆடும் கார் ரேஸ். இடது பக்கத்து நாலு எழுத்து அவனுக்கு, வலது பக்கத்து ஆரோ எனக்கு. தோளும் தோளும் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். வளைவில் கார் திரும்பும்போது நாங்களும் சாய்வோம். எண்ணெய் போட்டுத் துடைத்தும் என் ஆரோ பட்டன்கள் பிசுபிசுவென்றுதான் இருக்கும்...

அப்போது நான் பலா வியாபாரத்தில் புதுசு. காய் மரத்தில் நிற்கும்போதே மொத்தமாக விலை பேசிவிட வேண்டும். அதற்கு ஒரு முறை உண்டு. பிடித்த மரத்தை நிமிர்ந்து பார்க்கவே கூடாது. பக்கத்து மரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டு, பிடித்த மரத்தின் மேல் குறை சொல்ல வேண்டும். கடைசியாக "சரிங்க, வாரேன்" என்று பைக்கைப் பார்த்து நடக்க வேண்டும். கிக்கரில் கால் வைப்பதற்குள் தோப்புக்காரர் கூப்பிடுவார். கூப்பிடாத ஆளை அதுவரை நான் பார்த்ததில்லை.

எல்லார் கையிலும் போன் வந்ததும் சென்டரில் கூட்டம் குறைந்தது. கடையை மூடப்போகிறேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். கணேசனுக்கு வேலை போகிற கவலையைவிட ஆட்டம் போகிற கவலை பெரிதாக இருந்தது. எனக்கும்தான். ஆளுக்குப் பாதி போட்டு ஒரு கேமிங் லேப்டாப் வாங்குவது, அவன் வீட்டில் வைத்து ஆடுவது என்று முடிவு செய்தோம்.

ஒரு மாதம் நெட்டில் படித்தான் அவன். சட்டைப்பையில் எப்போதும் ஒரு மடித்த பேப்பர். டீக்கடையில் அதை விரித்து எனக்குப் பாடம் நடத்துவான். ரேம் பின்னால் கூட்டிக்கொள்ளலாம், ஹார்ட் டிஸ்க் மாற்றிக்கொள்ளலாம் என்பான். "கிராபிக்ஸ் கார்டு மட்டும் பின்னாடி மாத்த முடியாது மாப்ள. அதுல கஞ்சத்தனம் பாத்துறாத."

புதுக்கோட்டை கீழராஜ வீதியில் ஒரு கடை. அவன் பேப்பரில் எழுதியிருந்த அதே மாடல் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. கருப்பு உடம்பு, எழுத்துக்கு அடியில் சிவப்பு லைட். ஒரே ஒரு பீஸ்தான் இருக்கிறது என்று எடுத்து மேசைமேல் வைத்தார் கடைக்காரர். கணேசன் கண் அதைவிட்டு நகரவில்லை.

நான் அவன் முதுகில் தட்டினேன். "நீ வாயத் தெறக்காத. நான் பேசுறேன்."

பக்கத்தில் இருந்த ஆபீஸ் லேப்டாப்பைத் தூக்கிப் பார்த்தேன். அப்புறம் சிவப்பு லைட்டைத் தூக்கி, இது என்னங்க செங்கல் மாதிரி கனக்குது, அடியில் தொட்டால் இஸ்திரிப் பெட்டி மாதிரி சுடுது என்றேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, விலை கம்பெனி போட்டதுங்க, ஒரு பைசா குறையாது என்றார்.

போன் நம்பரை எழுதிக் கொடுத்தேன். "சரிங்க, வாரேன்."

படி இறங்கினோம். கிக்கரில் கால் வைத்தேன். யாரும் கூப்பிடவில்லை. வண்டி ஸ்டார்ட் ஆனது. அப்போதும் கூப்பிடவில்லை.

"மாப்ள, திரும்பிப் போயிருவமா?"

"இப்பப் போனா நம்ம மதிப்பு என்ன ஆகுறது? நாளைக்கு அவரே கூப்புடுவாரு பாரு."

 ஆலங்குடி வரைக்கும் பின்சீட்டில் அவன் அந்தப் பேப்பரை விரிப்பதும் மடிப்பதுமாக வந்தான்.

மூன்று நாள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் மானத்தை மடித்து வைத்துவிட்டு நானே போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இடம் காலியாக இருந்தது. அடுத்த பீஸ் வர ஒரு மாதம் ஆகும் என்றார். கடைக்காரர் மேல் தப்பில்லை. அவர் தோப்புக்காரர் இல்லை. யாரோ போட்ட விலையைச் சொல்கிறவர். அது எனக்குத்தான் உறைக்கவில்லை.

அந்த ஒரு மாதத்துக்குள் கணேசனுக்கு கத்தார் விசா வந்துவிட்டது. லேப்டாப்புக்கு அவன் வைத்திருந்த பாதிப் பணம் அதற்குப் போனது. பஸ் ஏறும்போது என்மேல் கோபம் எதுவும் காட்டவில்லை. "நல்ல பீஸாப் பாத்து வாங்கி வையி. வந்து ஆடுவோம்" என்றான். அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தீர்ந்திருக்கும்.

லீவில் வந்தான், வந்தான்... ஒரு தடவை கல்யாணம், ஒரு தடவை வீடு கட்டுகிற வேலை. உட்காரவே இல்லை.

போன வாரம் புதுக்கோட்டைக்குப் போனேன். வீடியோ காலில் அவனை வைத்துக்கொண்டு, சிவப்பு லைட் எரிகிற ஒன்றை நேராக விரலை நீட்டிக் காட்டினேன். எவ்வளவு என்று கேட்டு, சொன்ன விலைக்கு பில் போடச் சொன்னேன். வியாபாரி புத்தி முழுதாகப் போகுமா... மவுசும் பையும் சும்மா வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

அன்று சாயங்காலமே என் பலா குடோன் ஆபீஸில் மேசை மேல் வைத்துத் திறந்து அவனுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே டூட்டி முடிந்து ரூமுக்கு வந்திருந்தான். நெற்றிக்கு மேல் முடி ஏறியிருக்கிறது, கண்ணாடி போட்டிருக்கிறான். இப்போது அவன் அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் ஆன்லைனிலேயே ஆடலாமாம். ஆனால் அதற்கு அவனுக்கென்று தனி கீபோர்டு.

நான் ஆரோ பட்டன் மேல் விரலை வைத்தேன். அவன் பார்த்துவிட்டான்.

"கையத் தொடச்சியா மாப்ள?"

இரண்டு கையையும் கேமராவுக்கு நேராக விரித்துக் காட்டினேன். நான் காய் வெட்டி வருஷக்கணக்காகிறது. பிசின் இல்லை, எண்ணெய் இல்லை.

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான்.

"சுத்தமாத்தான் இருக்கு" என்றான்.