இரண்டாம் மாடியில் பெண்களுக்கு அறை

இன்று கல்லூரி விட்டு வரும்போது பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒரு வரைபடம் மாட்டியிருந்தார்கள். பஸ்கள் நிற்கும் இடத்துக்கு மேலே ஐந்து மாடி ஆபீஸ் கட்டடம் வரப்போகிறதாம். ஓவர்சியர் ஒருவர் பக்கத்தில் நின்று விளக்கிக்கொண்டிருந்தார்.

துறையூர் பஸ்ஸுக்குக் காத்திருந்த நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள். "இதுல நாங்க எங்கங்க உக்காருறது?"

"பொம்பளைங்களுக்கு ரெண்டாவது மாடிம்மா. காத்து பிச்சுக்கிட்டு வரும்."

"இந்த பெஞ்சு?"

"அங்க ஆபீசருங்க கார் நிக்கும்."

நான் சும்மா இருந்திருக்கலாம். "கண்டக்டர் ஊர் பேரைச் சொல்லிக் கத்துறது மாடிக்குக் கேக்குமா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் பிளான்ல வராதுங்க."

அதற்குள் "துறையூர், துறையூர்" என்று குரல் வந்தது. அதை விட்டால் அவளுக்கு நாளைக் காலையில்தான் பஸ். இருபதடி நடப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. நான் முன்னால் ஓடி, கண்டக்டரை நிறுத்தி வைத்தேன்.

ஏறியவள் ஓவர்சியரைத் திரும்பிப் பார்த்தாள். "மாடியில இருந்திருந்தா பிள்ளை படிக்கட்டுலயே பொறந்திருக்கும் சார்!"

அவர் சிரித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஸ்ரீரங்கம் பஸ் வந்துச்சுங்களா?"

"நீங்க காத்தைப் பத்திச் சொல்லிக்கிட்டிருந்தப்பவே போயிடுச்சு."

எனக்கும் அதே பஸ்தான்; பேச்சு சுவாரசியத்தில் நானும் விட்டுவிட்டேன்.

ஆட்சேபணை இருந்தால் எழுதித் தரலாம் என்று வரைபடத்தின் அடியில் போட்டிருந்தது. எழுதிவிட்டேன். அதை வாங்குகிற குமாஸ்தா ஓவர்சியரின் ஆபீஸில் மூன்றாவது மாடியில் உட்கார்ந்திருக்கிறார். என்னோடு படியேற யார் வருகிறீர்கள்?