எமலிங்கத்தில் விட்டுப்போன குழந்தை

காலையில் செங்கம் ரோட்டில், என் முதுகுக்குப் பின்னால் ஒரு சைக்கிள் மணி அடித்தது. திரும்புவதற்குள் எனக்கு ஏழு வயதாகிவிட்டது. எரிச்சலும் கூடவே வந்துவிட்டது.

ஐம்பதுகளின் கடைசி. ஏரி நிரம்பியிருக்கிறது, காட்டுகிறேன் என்று அப்பா என்னைக் கேரியரில் உட்காரவைத்துக் கிளம்பினார். கோயில் குருக்கள் அவர், மலை வலப்பக்கம் இருக்கும்போது சும்மா போவாரா? மலையைச் சுற்றிவரும் பாதையில் ஒவ்வொரு லிங்கக் கோயிலிலும் இறங்கினார், செருப்பைக் கழற்றினார், கும்பிட்டார், மாட்டினார். எண்ணெய்ப் பிசுக்கும் வௌவால் நாற்றமுமாய் இருந்த எமலிங்கத்தில், நான் காலில் தைத்த நெருஞ்சி முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். ஏறிவிட்டேன் என்று நினைத்து அவர் மிதித்துப் போயே போய்விட்டார்.

அடுத்த லிங்கத்தில் இறங்கியபோதுதான் கேரியர் காலி என்று தெரிந்ததாம். ஒரு மைல் திரும்பினால் நான் இருக்கிறேன். திரும்பவில்லை. மலையை இடமாகச் சுற்றக்கூடாதாம். மிச்சம் ஏழெட்டு மைலையும் சுற்றி, எங்கள் வீட்டு வாசலையே கடந்து வந்திருக்கிறார்.

"கொழந்தை எங்கே?" என்று கேட்டிருக்கிறாள் அம்மா.

"முன்னாடி இருக்கா. அழைச்சிண்டு வரேன்."

வியர்வை சொட்ட வந்து நின்றவரிடம், "திரும்பி வந்திருக்கலாமேப்பா" என்று அழுதேன்.

"ஏறு, ஆத்துக்குப் போகலாம்" என்று மறுபடியும் முன்பக்கமே மிதித்தார்.

இன்றைக்கு மணி அடித்தவள் ஒரு வெள்ளைக்காரப் பெண். பிரேக் போட்டு, கோயிலுக்கு எப்படிப் போவது என்று கேட்டாள். கோயில் அவள் வந்த வழியில், பத்து நிமிஷத்தில் இருக்கிறது.

என் கை முன்பக்கம் நீண்டுவிட்டது.